‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுக்கும் முன்: ஆட்குறைப்பை எதிர்கொள்ளும் மருந்துக் கம்பெனி ரெப்புக்கு ஒரு வழிகாட்டி

அவிநாசி சாலையில் உள்ள ஓட்டல் ஒன்றின் மாடியறைக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லி, அங்கே உங்கள் மேனேஜருக்குப் பக்கத்தில் நீங்கள் முன்பின் பார்த்திராத மனிதவளத் துறை அலுவலர் ஒருவரும் உட்கார்ந்திருந்தால், அது ரெப்புகளுக்கு அவ்வப்போது நடக்கும் வழக்கமான விற்பனைக் கூட்டமான சைக்கிள் மீட்டிங் அல்ல என்பதைக் கதவைத் திறந்ததுமே புரிந்துகொள்ளலாம். எனக்கு அது நடந்தபோது, நான் பணியாற்றிய பெரிய கம்பெனியில் பன்னிரண்டாவது ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் இருந்த தாளில் என் பெயரும், பணியாளர் எண்ணும், நான் வேலை பார்க்கும் ஊரான தலைமையிடம் கோயம்புத்தூர் என்பதும் ஏற்கனவே தட்டச்சாகியிருந்தன. ‘சொந்தக் காரணங்களுக்காக என் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்’ என்ற வாக்கியமும் தயாராக இருந்தது. தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஆறு வருடம் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் வந்த மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல், “போட்டுருங்க தம்பி, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் சுத்தமா வந்துரும்” என்றார். நானும் போட்டுவிட்டேன். அந்த ஒரு கையெழுத்தின் விலை என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. நீங்கள் மூன்று மாதம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அறையில் நடந்துகொள்ள வேண்டிய முறை. கோபப்பட வேண்டாம், அழவும் வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம். “ஏனுங் சார், இதை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றனுங்” என்று பணிவாகச் சொன்னால் போதும். தாளைக் கொடுக்க மறுத்தால், படித்துப் பார்க்க நேரம் கேட்டதாக அன்று மாலைக்குள் உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து மேனேஜருக்கும் மனிதவளத் துறைக்கும் நான்கு வரி அனுப்பிவிடுங்கள். இன்றே கையெழுத்திட்டால்தான் விலகுவதற்காகத் தரும் இந்தத் தொகை, நாளை என்றால் கிடையாது என்பார்கள். என் அனுபவத்திலும், பிறகு நான் கூட இருந்து பார்த்த நண்பர்களின் அனுபவத்திலும், அந்தத் தொகை மறுநாளும் அப்படியே இருந்தது. இரண்டு பேருக்குக் கூடவும் செய்தது.

ஏன் இந்தத் தாளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், சட்டத்தின் பார்வையில் ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு. தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர் சட்டம்தான் நீண்ட காலம் ரெப்புகளுக்குக் கவசமாக இருந்தது. தொழில் தகராறு சட்டமும் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டமும் நமக்குப் பொருந்தியது அதன் வழியாகத்தான். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, அந்தப் பழைய சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டன. புதிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் ‘தொழிலாளி’ என்ற சொல்லின் பொருளுக்குள் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார். ஆகவே, டை கட்டி, பை தூக்கி, ஏ.சி. அறையில் டாக்டரிடம் பேசுகிறவர் தொழிலாளி ஆவாரா என்று யாராவது கேலியாகக் கேட்டால், ஆவார் என்பதே பதில். ஆனால் ஏரியா மேனேஜர், ரீஜனல் மேனேஜர் என்று பெரும்பாலும் நிர்வாக வேலை பார்ப்பவர்களும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு நியமனக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகள்தான் ஆயுதம். பதவியின் பெயரை விட, செய்த வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்ப்பது வழக்கம் என்பதால், பெயருக்கு ‘மேனேஜர்’ பட்டம் கொடுக்கப்பட்டு, தினமும் தனியாக டாக்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை.

இனிக் கணக்கு. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய, ஒரு மாத எழுத்துமூல அறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாக வர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓர் ஆண்டாகவே எண்ணப்படும். இவற்றோடு, புதிய தொகுப்பின்படி, மறுதிறன் நிதி என்ற பெயரில் இன்னொரு பதினைந்து நாள் சம்பளம், ஆட்குறைப்பு நடந்து 45 நாட்களுக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

பதினோர் ஆண்டு ஏழு மாதம் பணியாற்றிய ஒருவரின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு. அரைமாதம் 13,000 என்று எடுத்தாலே இழப்பீடு 1,56,000, அறிவிப்புக்கு 26,000, மறுதிறன் நிதிக்கு 13,000, ஆக 1,95,000 ரூபாய். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற ஒரு தொடருக்கு அவர் விட்டுக்கொடுக்கும் தொகை இதுதான். பணிக்கொடை இதில் சேராது. அது ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். அதன் கணக்கில் மாதத்துக்கு 26 நாள் என்று பிரிப்பதால், இவருக்கு ஆண்டுக்கு 15,000 வீதம் 1,80,000 ரூபாய் வரும், முப்பது நாட்களுக்குள் வர வேண்டும். பணிக்கொடைக்கு ஐந்தாண்டு தேவை என்பது எல்லாருக்கும் தெரியும். நான்கு ஆண்டு முடித்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் பணியாற்றியிருந்தால் அதுவும் ஐந்தாண்டுதான் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பது பலருக்குத் தெரியாது. நான்கே முக்கால் வருடத்தில் வெளியேற்றப்படுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும்: அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியை அலவன்சாகப் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்துக்குப் புதிய தொகுப்பு வரம்பு கட்டியிருக்கிறது. விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கொள்ளப்படும்.

இதைச் சொல்லும்போது நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுப்பது எப்போதும் முட்டாள்தனம் அல்ல. பெரிய கம்பெனிகள் பல, சட்டம் சொல்வதைக் காட்டிலும் கூடுதலான தொகையைக் காட்டித்தான் ராஜினாமா கேட்கின்றன. ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று தருவதாக இருந்தால், மேலே சொன்னவருக்கு 3,12,000 ரூபாய். வழக்குக்குப் போய் வருடக்கணக்கில் அலைவதை விட அதை வாங்கிக்கொண்டு வருவதே பலருக்கு நல்லது. ஆனால் அந்தத் தொகை முழுவதும், எந்தத் தேதிக்குள், எந்தப் பிடித்தமும் இல்லாமல் என்பதெல்லாம் கம்பெனியின் கடிதத்தாளில் இருக்க வேண்டும்; ராஜினாமாக் கடிதத்திலும் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதாமல், இன்ன தேதியிட்ட நிறுவனத்தின் கடிதத்தில் கண்டுள்ள மறுசீரமைப்புத் திட்டத்தை ஏற்று விலகுவதாகவே எழுத வேண்டும். வாய்ப்பேச்சில் வந்த லட்சம் வங்கியில் வந்ததை நான் பார்த்ததில்லை.

வருமான வரியையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குச் சட்டப்படியான அளவுவரை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய்க்கு வரி விலக்கு உண்டு. பணிக்கொடைக்கு 20 லட்சம், விடுப்புச் சம்பளத்துக்கு 25 லட்சம் என்பவை உச்ச வரம்புகள். வெறும் ராஜினாமாவுக்குக் கருணைத்தொகை என்று பெயரிட்டுக் கொடுத்தால் அது சம்பளம்போல வரிக்கு உட்பட்டுவிடும். எனவே பணத்தின் அளவைப்போலவே அதன் பெயரையும் பேரம் பேசுங்கள்.

அறிகுறிகள் முன்கூட்டியே தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: தெரியும். காரணம் பெரும்பாலும் நம் ஊரில் இருக்காது. 2009இல் பைசர் நிறுவனம் சுமார் 6,800 கோடி டாலருக்கு வையத் (Wyeth) என்ற மருந்துக் கம்பெனியை வாங்கியபோது இரண்டு கம்பெனிகளிலுமாகச் சுமார் 19,500 வேலைகள் போயின. அமெரிக்காவின் மெர்க், தன் புற்றுநோய் மருந்தான கீட்ரூடாவின் முக்கியக் காப்புரிமை 2028இல் முடிய இருக்கும் நிலையில், 2025 ஜூலையில் சுமார் 6,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் நோவோ நார்டிஸ்க் தன் 78,400 பணியாளர்களில் 9,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. நம் பக்கத்துக்கு வந்தால், 2019 தொடக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, அவுரங்காபாத் ஆலைகளை மூடுவதாகப் பைசர் அறிவித்தபோது இரண்டிலும் சேர்த்து சுமார் 1,700 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2022இல் நோவார்டிஸ் இந்தியா, வோவெரான் போன்ற தன் பழைய மருந்துகளின் விற்பனையை டாக்டர் ரெட்டீஸிடம் ஒப்படைத்தபோது சுமார் நானூறு பேரின் இருக்கை ஆடியது. காப்புரிமை முடிவது, கம்பெனிகள் இணைவது, பிராண்டுகள் கைமாறுவது ஆகிய இந்த மூன்றில் எது மும்பைக்கு மேலே நடந்தாலும், அது கோவைக்கு வந்து சேரும்போது இப்படித்தான் தெரியும்: ஈரோடு ரெப் விலகிப் பல மாதம் ஆகியும் அந்த இடத்துக்கு ஆள் போடாமல் கோபியையும் பவானியையும் உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், சாம்பிள் பெட்டி பாதியாகக் குறையும், நேரில் நடந்த மீட்டிங் திரைக்கு மாறும், இரண்டு டிவிஷனின் மருந்துகளை ஒரே பையில் வைப்பார்கள். இவற்றில் இரண்டைக் கண்டால் அடுத்த பத்தியில் சொல்வதை அன்றே தொடங்கிவிடுங்கள்.

காகிதம் சேர்ப்பதும் கைப்பேசி எண்ணை மாற்றுவதும்தான் அந்த வேலை. கம்பெனிச் செயலிக்கும் மின்னஞ்சலுக்குமான உள்நுழைவை, மீட்டிங் முடிந்து நீங்கள் படியிறங்குவதற்குள்கூட நிறுத்திவிடுவார்கள். அதனால் நியமனக் கடிதம், பணி உறுதிக் கடிதம், ஒவ்வோர் ஆண்டின் சம்பள உயர்வுக் கடிதம், கடைசி மூன்றாண்டுச் சம்பளச் சீட்டுகள், இன்சென்டிவ் கணக்கு, நிலுவையில் உள்ள பயணப்படி, விடுப்பு இருப்பு ஆகிய உங்களுக்குரியவற்றை மட்டும் பிரதியெடுத்து வீட்டில் வையுங்கள். டாக்டர் பட்டியலையும் விற்பனை விவரங்களையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அது அவர்களுடையது, நாளை உங்கள் மேலேயே குற்றச்சாட்டாகத் திரும்பும்.

கைப்பேசி எண் விஷயத்தில் நான் பட்ட பாடு பெரிது. வேலைக்குச் சேர்ந்த நாளில் கம்பெனி கொடுத்த சிம்மையே பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தி, வங்கிக் கணக்கு, ஆதார், சேமநிதியின் கணக்கு எண்ணான யு.ஏ.என்., பாலிசி, சமையல் எரிவாயு என எல்லாவற்றுக்கும் அந்த எண்ணையே கொடுத்திருந்தேன். வெளியேறிய ஐந்தாம் நாள் அந்த எண் நின்றது. சேமநிதிப் பணத்துக்கு விண்ணப்பிக்கப் போனால் ஓ.டி.பி. வராது, எண்ணை மாற்றப் போனால் அதற்கும் பழைய எண்ணுக்கே ஓ.டி.பி. போகும். சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள். தராவிட்டால் வேலை கையில் இருக்கும்போதே ஆதாரிலும் வங்கியிலும் யு.ஏ.என்.னிலும் சொந்த எண்ணை ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது பை ஒப்படைப்பு. டேப்லெட், டாக்டரிடம் காட்டும் படப் புத்தகமான விஷுவல் எய்ட், மிச்ச சாம்பிள், அடையாள அட்டை ஆகியவற்றை எண்ணி, பட்டியல் போட்டு, வாங்கிக்கொள்பவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சாம்பிள் குறைகிறது என்று சொல்லிச் சேமநிதியை நிறுத்தி வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பணிக்கொடையில் கை வைக்கவும் சட்டம் சொல்லும் குற்றங்கள் நிரூபணமாக வேண்டும். ஆனால் இறுதிக் கணக்கில் கழிப்பார்கள் என்பதால் ரசீது அவசியம். இதை விடச் சிக்கலானது, கம்பெனி மருந்தை மொத்தமாக வாங்கி விற்கும் ஸ்டாக்கிஸ்டின் கணக்கு. மாதக் கடைசியில் டார்கெட்டை முடிக்க, “எடுத்துக்குங்கண்ணா, போகலீன்னா நான் பார்த்துக்கறேன்” என்று வாய்ச்சொல்லில் தள்ளிய சரக்கும், காலாவதியாகி அவர் கடை மூலையில் கிடக்கும் பெட்டிகளும், சில இடங்களில் அதற்கு ஈடாக நீங்கள் கொடுத்த சொந்தச் செக்கும் நீங்கள் போன பிறகு உங்களைத் தேடி வரும். ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்டையும் நேரில் பார்த்து, காலாவதிச் சரக்கின் பட்டியலைக் கம்பெனிக்கு எழுத்தில் அனுப்பச் செய்து, உங்கள் செக்கை முதல் வேலையாகத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கடைசிச் சம்பளமும் நிலுவைகளும், புதிய ஊதியத் தொகுப்பின்படி, விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் தரப்பட வேண்டியவை. சேமநிதியை அவசரப்பட்டுத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்தாண்டு முடியாமல் எடுத்தால் வரியும் வரும். 2025 அக்டோபரில் சேமநிதி அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலையிழந்தவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், முழுவதையும் எடுக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி தேவை என்பதால், ஏழெட்டு வருடத்தில் நிற்பவர்கள் ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், அடுத்த வேலையின் ஆண்டுகள் அதோடு சேரும்.

மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழுப் பாலிசியிலிருந்து தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். புதிதாக எடுத்தால் ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டுவரை காத்திருக்க நேரலாம். வீட்டில் சர்க்கரையோ இதயக் கோளாறோ உள்ள பெற்றோர் இருந்தால் இதை முதல் வரிசையில் வையுங்கள். கம்பெனியில் பேக்கிங், கிடங்கு வேலை பார்த்து இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்கள், அடல் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், சராசரித் தினச் சம்பளத்தில் பாதி வீதம் 90 நாட்கள்வரை நிவாரணம் கேட்கலாம்.

கடன்களில் வீட்டுக் கடன்தான் பெரிது. தவணை தவறி 90 நாள் கடந்தால் வாராக்கடன் ஆகிவிடும் என்பதால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய், ஆட்குறைப்புக் கடிதத்தைக் காட்டித் தவணைக்காலத்தை நீட்டிக் கேளுங்கள். நம் பக்கத்தில் சம்பளக்காரர் வீட்டில் ஓர் ஏலச்சீட்டாவது ஓடிக்கொண்டிருக்கும். சீட்டை எடுத்தவர் மீதித் தவணைகளைக் கட்டியே தீர வேண்டும், அதற்குப் பணத்தைத் தனியே ஒதுக்குங்கள். எடுக்காதவர், அதிகத் தள்ளு கொடுத்து அவசரமாக எடுப்பதற்குப் பதில், தன் இடத்துக்கு உறவில் ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று நடத்துபவரிடம் கேட்கலாம். வீட்டில் அன்று மாலையே சொல்லிவிடுவதும் இந்தக் கணக்கின் ஒரு பகுதிதான். வேலை போனதைச் சொல்லாமல் தினமும் எட்டரை மணிக்கு டை கட்டிக் கிளம்பி, உக்கடம் பேருந்து நிலையத்தில் வெறும் பையை மடியில் வைத்து மாலைவரை உட்கார்ந்திருந்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும். அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்தது வங்கியின் அறிவிப்பு வந்த பிறகுதான், அதற்குள் அந்த அம்மணியின் நகைகளை வைத்துச் சமாளித்திருக்கக்கூடிய காலம் கடந்திருந்தது.

கையெழுத்துப் போட மறுப்பவருக்குச் சில இடங்களில் அசாமுக்கோ பீகாருக்கோ மாற்றல் உத்தரவு வரும். கோபத்தில் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வராமல் இருந்தால் வேலையைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். பழைய தலைமையிடத்திலேயே பணி செய்யத் தயாராக இருப்பதாகவும், மாற்றலுக்கான காரணத்தைத் தெரிவிக்கும்படியும் பதிவுத் தபாலில் எழுதிவிட்டு, எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ. போன்ற ரெப்புகளின் சங்கத்தை அணுகுங்கள். தகராறு என்று வந்தால் முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். 45 நாளில் முடிவு வராவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் இதைச் செய்ய வேண்டும். ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் குறைப்பதே சட்டம் சொல்லும் வழக்கம். மாற்றிச் செய்தால் காரணம் எழுத வேண்டும். ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் குறைக்கப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதால், மாறிய முகவரியைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து வையுங்கள்.

அடுத்த வேலையைப் பொறுத்தவரை, கையில் நான்கைந்து லட்சம் வந்ததும் தங்கள் மருந்தை நீங்களே முதல் போட்டு வாங்கி விற்கச் சொல்லும் பி.சி.டி. கம்பெனிக்காரர்களின் அழைப்பு வரத் தொடங்கும். சண்டிகரிலோ இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி (Baddi) என்ற ஊரிலோ தயாரித்த மருந்தைக் கோவை, திருப்பூர் மாவட்டங்களுக்கு ஏக உரிமையில் தருவதாகச் சொல்லி, மூன்று லட்சத்துக்குச் சரக்கெடுக்கச் சொல்வார்கள். டாக்டர்கள் மருந்துச் சீட்டில் எழுதியது உங்கள் பழைய கம்பெனியின் பெயருக்காகவா, உங்கள் முகத்துக்காகவா என்பதைப் பத்து டாக்டர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுவிட்டுத்தான் அதில் இறங்க வேண்டும். முதல் கொள்முதலை ஐம்பதாயிரத்துக்கு மேல் போக விடாதீர்கள், காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுப்பதாக எழுதி வாங்குங்கள். மொத்த விற்பனை உரிமம் எடுப்பது பலர் நினைப்பதை விட எளிது: பத்துச் சதுர மீட்டர் இடமும், பதிவு பெற்ற மருந்தாளுநரோ, பட்டப்படிப்போடு மருந்து வணிகத்தில் ஓராண்டு அனுபவம் உள்ளவரோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். அந்த அனுபவத்துக்கான சான்றை ஸ்டாக்கிஸ்டிடம் கேட்க வேண்டியிருக்கும்; செக்கைத் திரும்ப வாங்கப் போகும் அதே நாளில் இதையும் கேட்டுவிடுங்கள்.